பாய் விரித்தும் வாசிப்பு நடக்கவில்லையா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்து, ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்பதற்கு வேண்டியது ஒரு புத்தகம், ஒரு லைட், பத்து நிமிடம். அப்படியிருந்தும் பல வீடுகளில் இது இரண்டாம் வாரத்திலேயே நின்றுவிடுகிறது. நின்ற கையோடு "இவனுக்கு வாசிப்பில் விருப்பமே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு அநேகமாகப் பிழை. பழுது, உட்காருகிற இடத்திலோ, நேரத்திலோ, எடுத்த புத்தகத்திலோ, வாசிக்கிறவரின் தொண்டையிலோதான் இருக்கும்.

உங்கள் வீட்டு அறிகுறியைக் கீழே தேடுங்கள். காரணங்கள் காசு செலவில்லாதவை முதலில், செலவு கூடியவை கடைசியில் வருகின்றன. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி மூன்று இரவு பாருங்கள். இடத்தையும் நேரத்தையும் புத்தகத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போகும்.

பிள்ளை பாதியில் எழும்பி ஓடுகிறது

எத்தனையாவது நிமிடத்தில் எழும்புகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்து இரண்டு மூன்று இரவு குறித்துக்கொள்ளுங்கள். காரணம் அந்த நிமிடத்தில்தான் இருக்கிறது.

*முதல் இரண்டு நிமிடத்துக்குள்:* கதை இன்னும் தொடங்கவே இல்லை, ஆகவே கதையில் குறை தேட வேண்டாம். பசி, நித்திரை, புழுக்கம், நுளம்பு, இந்த நான்கையும் பாருங்கள். நுளம்புக்கு வலைக்குள்ளேயே இருந்து வாசிக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வலை ஒரு குட்டி வீடு, அதற்குள் நன்றாக அடங்கி இருப்பார்கள். நேரத்தைப் பாருங்கள். டியூஷன் முடிந்து வந்து புத்தகப் பையை வைத்த கையோடு வாசிக்கக் கூப்பிட்டால் அது இன்னொரு வகுப்பாகவே படும். விளக்கு வைத்த உடனேயும் வேண்டாம். மஃரிப், இஷா தொழுகைகளுக்கு இடையில் பல பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதல் இருக்கும், அந்த நேரமும் சரிவராது. சாப்பிட்டு, பல் துலக்கி, படுக்கைக்குப் போவதற்கு முந்திய பத்து நிமிடம்தான் அநேக வீடுகளில் நின்று பிடிக்கிறது.

*நான்கு, ஐந்து நிமிடத்தில்:* புத்தகம் வயதுக்குக் கூடிவிட்டது. எழும்பிய இடத்துப் பக்கத்தைத் திறந்து, யாரும் பேசாமல், எதுவும் நடக்காமல் எத்தனை வரி ஓடுகிறது என்று எண்ணுங்கள். எட்டு, பத்து வரி வர்ணனை என்றால் ஐந்து வயதுப் பிள்ளை இருக்காது. அந்த வயதுக்குப் பக்கத்துக்கு மூன்று வரியும் ஒரு படமும் போதும். வேறு புத்தகம் கையில் இல்லையென்றால் வர்ணனையை விட்டுவிட்டுப் பேச்சு வரும் இடங்களை மட்டும் வாசியுங்கள். வரி விட்டு வாசிப்பது களவு இல்லை.

*கடைசிப் பக்கங்களில்:* நீளம் கூடிவிட்டது. பன்னிரண்டாம் நிமிடத்தில் எழும்பினால் பத்தாம் நிமிடத்தில் நீங்களே புத்தகத்தை மூடுங்கள். கதவு தட்டப்படுகிறது, திறக்கவில்லை என்ற இடத்தில் மூடினால் நாளைக்குப் பிள்ளையே பாயை விரிக்கும்.

*ஓடவில்லை, ஆனால் நெளிகிறது, கையால் எதையோ நோண்டுகிறது:* பல பிள்ளைகளுக்குக் கை ஓய்ந்தால் காதும் ஓய்ந்துவிடும். கச்சான் உடைக்கக் கொடுங்கள், கீறக் கடதாசி கொடுங்கள். கேட்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. கேள்வி கேட்காமல், ஒரு வசனத்தின் நடுவில் சட்டென்று நிறுத்துங்கள். "முதலை வாயைத் திறந்து..." என்று நின்றதும் கச்சான் உடைக்கிற கை நின்று முகம் நிமிர்ந்தால் பிள்ளை முழுதாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்படியே விடுங்கள்.

*எங்கே கொண்டு காட்டுவது:* "ஆ? என்ன?" என்று அடிக்கடி கேட்பது, ஒரு பக்கக் காதையே திருப்புவது, தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவது, இவை இருந்தால் பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை எட்டத் தூரத்தில் நின்று, பழகிய மூன்று சொல்லை இரகசியக் குரலில் சொல்லிப் பாருங்கள். திரும்பிச் சொல்லவில்லை என்றால் தடிமனுக்குப் பிறகு காதுக்குள் நீர் தேங்கியிருக்கலாம், குரும்பி அடைத்திருக்கலாம். எண்ணெய் விடாதீர்கள், பஞ்சுக்குச்சி போடாதீர்கள். அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் தேவைப்பட்டால் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு அனுப்புவார்கள்.

பெரியவனுக்குச் சலிக்கிறது, சின்னவளுக்கு விளங்கவில்லை

நான்கு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் ஒரே புத்தகம் தேடுவதை விடுங்கள். முதல் நான்கு நிமிடம் சின்னவளின் படப் புத்தகம்; அதை வாசிக்கிற வேலை பெரியவனுக்கு. தரம் 6 பிள்ளை தனக்கென்று எடுக்க வெட்கப்படும் இலகுவான புத்தகத்தைத் தங்கச்சிக்காக என்றால் தாராளமாக வாசிக்கும், அவனுடைய வாசிப்பும் அதில் ஓடிப் பழகும். அதன்பிறகு பெரியவனின் கதை. சின்னவள் நித்திரையானால் நித்திரையாகட்டும்.

கேட்கிறார்கள், ஆனால் சொல் விளங்கவில்லை

இலங்கையில் நமக்குக் கிடைக்கும் தமிழ்ச் சிறுவர் புத்தகங்களில் பல தமிழ்நாட்டில் அச்சானவை. நாற்காலி என்று இருக்கும், பிள்ளைக்குத் தெரிந்தது கதிரை. பெஞ்சு என்று இருக்கும், வகுப்பில் இருப்பது வாங்கு. சோப்புக்குப் பதில் வீட்டில் சவர்க்காரம். இப்படி ஒரு பக்கத்தில் நான்கு வந்தால் பிள்ளை கதையை விட்டுவிடுகிறது.

அச்சில் இருப்பதை வாசித்து, மூச்சு விடாமல் நம் சொல்லையும் சேருங்கள்: "நாற்காலியில், கதிரையில், ஏறி நின்றான்." முதல் தடவை மட்டும். அடுத்த பக்கத்தில் நாற்காலி தனியாகவே விளங்கும். நின்று விளக்கம் கொடுக்கப் போனால் கதை அறுந்துவிடும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் முழுவதையும் வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். ஆறு வயதிலிருந்து எழுத்துத் தமிழை அப்படியே வாசியுங்கள், ஏனென்றால் பாடப் புத்தகத்தில் வரப்போவது அதுதான்.

பழைய செய்யுள் நடையிலுள்ள நூலை எடுத்தால் நம் கோயில்களின் புராணப்படிப்பு முறை இருக்கிறது: ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன், அதாவது அதன் பொருள், சொல்வார். கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் கண்ணகி கதைப் பாடலான வழக்குரை கேட்டு வளர்ந்த அம்மம்மா வீட்டில் இருந்தால் பயன் சொல்ல அவரை விட வேறு ஆள் வேண்டாம். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் இரண்டு வரி வாசித்து நிறுத்துங்கள், அவர் சொல்லட்டும்.

வாசிக்கிறவருக்குத் தொண்டை அடைக்கிறது

இருக்கையை முதலில் பாருங்கள். படுத்துக்கொண்டோ, மடியில் வைத்த புத்தகத்துக்குக் குனிந்தோ வாசித்தால் தொண்டை மடிந்து குரல் நெரியும். சுவரில் முதுகு சாய்த்து, தலையணை ஒன்றை மடியில் வைத்து, அதன்மேல் புத்தகத்தை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்துங்கள்.

அடுத்தது ஃபேன். அது பட படவென்று சுற்றும்போது அதைவிடக் கூடச் சத்தம் போடத் தொண்டை தானாகவே முயலும். வேகத்தை ஒரு புள்ளி குறைத்து, கேட்பவர்களைக் கைக்கெட்டும் தூரத்துக்குள் இருத்துங்கள். காற்பங்குக் குரல் போதும். ஐஸ் தண்ணீர் வேண்டாம். பக்கத்தில் சாதாரணத் தண்ணீர் ஒரு கிளாஸ் வைத்து இரண்டு பக்கத்துக்கு ஒரு மிடறு குடியுங்கள். ராட்சதன் குரலைத் தொண்டையால் உறுமாமல் வேகத்தைக் குறைத்துச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அதிலேயே பயம் பிடிக்கும்.

குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டியும் இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வாசிக்கிறவர் வரி தவறுகிறார்

லைட் முகட்டின் நடுவில் இருந்து, உங்கள் தலை நிழல் புத்தகத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் இடம் மாறி, வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து வரும்படி இருங்கள். அடுத்து, வாசிக்கும் வரிக்குக் கீழே ஒரு அட்டையைப் பிடியுங்கள். இதற்குப் பிறகும் புத்தகத்தைத் தள்ளித் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்துத் தெளிகிறது என்றால், நாற்பது வயதைத் தாண்டியவருக்கு அது வாசிப்புக் கண்ணாடிக்கான காலம். கண் பரிசோதித்தே கண்ணாடி எடுங்கள். வயதானவருக்கு வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிகிறது, கண்ணாடி மாற்றியும் மங்கலாக இருக்கிறது என்றால் வெண்புரையாக இருக்கலாம், கண் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

பிள்ளை தான் வாசிக்கும்போது எழுத்துக் கூட்டித் தடக்குகிறது

அதிகம் அழுகை வருவதும், அதிகம் பிழையாகக் கையாளப்படுவதும் இந்த இடம்தான்.

*முதல் சோதனை, புத்தகத்தின் பாரம்.* ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, தெரியாமல் நின்ற ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடியமுன் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகத்தை இன்றைக்கு நீங்கள் வாசியுங்கள், பிள்ளைக்கு இலகுவானது கொடுங்கள். தரம் 4 பிள்ளைக்குத் தரம் 2 புத்தகம் கொடுப்பதில் குறை எதுவும் இல்லை.

*இரண்டாவது, உங்கள் அவசரம்.* பிள்ளை நின்றதும் சொல்லைப் பறித்துச் சொல்கிறீர்களா? மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிக் கொடுத்து, பிள்ளை ஒருதரம் திரும்பச் சொன்னதும் மேலே போங்கள். "நேற்றுத்தானே சொல்லித் தந்தேன்" என்ற வசனம் அந்த இரவின் வாசிப்பையே முடித்துவிடும்.

*மூன்றாவது, சேர்ந்து வாசித்தல்.* இருவரும் ஒரே வரியை ஒரே நேரத்தில், பிள்ளையின் வேகத்தில் வாசியுங்கள். தனியாக வாசிக்க விருப்பம் வந்தால் பிள்ளை பாயில் ஒரு தட்டுத் தட்டட்டும், நீங்கள் உடனே வாயை மூடுங்கள். தடக்கினால் மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், ஆறேழு வாரம் விடாமல் செய்ய வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் மனம் தளராதீர்கள்.

*எந்த இடத்தில் தடக்குகிறது என்று பாருங்கள்:*

நீளச் சொல்லில் என்றால் பழைய நாட்காட்டி அட்டை ஒன்று போதும். "ஓடிக்கொண்டிருந்தவனை" என்ற சொல்லில் "ஓடி" மட்டும் தெரிய மற்றதை அட்டையால் மறையுங்கள். பிள்ளை "ஓடி" என்றதும் அட்டையை வலப்பக்கம் நகர்த்தினால் "ஓடிக்கொண்டி", பிறகு "ஓடிக்கொண்டிருந்த", கடைசியில் முழுச் சொல். பிறகு அட்டையை எடுத்துவிட்டு ஒரே மூச்சில் ஒருதரம். நூலகப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போடாமல் இருக்கவும் இந்த அட்டை உதவும்.

குறிலிலும் நெடிலிலும் என்றால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணில் பிடிபடவில்லை. கொடி–கோடி, தொடு–தோடு, செறு–சேறு என்று ஐந்து சோடியைக் கொப்பியில் பெரிதாக எழுதி, வாசிப்புக்கு முன் ஒரு நிமிடம் மட்டும் காட்டுங்கள். பாயில் அதைப் பாடமாக நீட்ட வேண்டாம்.

ரகரத்திலும் (ர) கால் குறியிலும் (ா) என்றால் குற்றம் அச்சில் இருக்கிறது. பல புத்தகங்களில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும். எழுத்துப் பெரிதான, வரிகளுக்கிடையே இடைவெளி விட்ட புத்தகத்துக்கு மாறினால் பாதி சரியாகிவிடும்.

*எப்போது வெளியே உதவி:* புத்தகத்தை மூக்கருகே பிடிப்பது, ஒரு கண்ணை மூடுவது, வாசித்ததும் தலையிடி என்பது, இவை இருந்தால் முதலில் கண். கண்ணும் காதும் சரி, மேலே சொன்னதை ஒரு தவணை முழுக்கச் செய்தும் தரம் 3 முடிகிற பிள்ளை ஒற்றை எழுத்துகளையே மாற்றி மாற்றிச் சொல்கிறது என்றால் வகுப்பாசிரியரிடம் கொப்பியுடன் போய்ப் பேசுங்கள். வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்திக்க வழி கேளுங்கள். பெரிய வைத்தியசாலைகளில் சிறுவர் கிளினிக்கும் பேச்சு மொழிச் சிகிச்சையும் இருக்கின்றன. "வளர வளரச் சரிவரும்" என்று தரம் 5 வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள். அதற்குள் பிள்ளை தன்னை மொக்கு என்று நம்பத் தொடங்கிவிடும்; எழுத்தைத் திருத்துவதைவிட அந்த நம்பிக்கையைத் திருத்துவது கடினம்.

வெளிநாட்டில் இருக்கிற வாப்பா வாசிக்கிறார், லைன் வெட்டி வெட்டி வருகிறது

கிழக்கிலங்கையில் காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரைக்கும் தாயோ தகப்பனோ வளைகுடாவில் இருக்கும் வீடுகள் எத்தனையோ. வீடியோ அழைப்பில் வாசித்துப் பார்த்து, "கேட்குதா? கேட்குதா?" என்றே பத்து நிமிடம் போய், கைவிட்டவர்கள்தான் கூட. இதை நேரலையில் செய்ய முயல்வதுதான் பழுதின் வேர். ஒலி ஒரு நொடி பிந்தி வருவதால் பிள்ளை கேள்வி கேட்கிற நேரத்தில் அங்கே அடுத்த வரி ஓடிக்கொண்டிருக்கும்.

குரல் பதிவுக்கு மாற்றுங்கள். பகல் வெளிச்சத்தில் புத்தகத்தை விரித்து, நேர் மேலே இருந்து, ஐந்து பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். புத்தகம் இங்கே பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும். அங்கே இருப்பவர் ஒரு பக்கத்துக்கு ஒரு குரல் பதிவு என்று அனுப்பட்டும், தொடக்கத்தில் "மகள், பக்கம் நான்கு" என்று சொல்லி, முடிவில் "திருப்புங்க" என்று. ஐந்து பக்கத்தையும் ஒரே பதிவாக அனுப்பினால் பிள்ளை எந்த வரியில் நிற்கிறது என்று தெரியாமல் தவறிவிடும். பிடித்த பக்கத்தை மறுபடி தேடிக் கேட்பதும் கடினம்.

பதிவு செய்யும்போது போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேரே பிடித்தால் பகரம் வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். ஏசி இரைச்சல் இருந்தால் போர்வைக்குள் தலையை விட்டுப் பதிந்தாலும் தெளிவாக வரும். அறையில் நான்கு பேர் இருக்கும்போது சத்தமாக வாசிக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கும் அதுவே வழி. இங்கே கேட்கும்போது போனைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தால் ஒலி நிறைந்து வரும்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். கட்டார், சவூதி, குவைத் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால், டுபாய் ஒன்றரை. இங்கே இரவு 8 மணி என்றால் கட்டாரில் பின்னேரம் 5.30, பலர் வேலைத்தலத்திலிருந்து இன்னும் திரும்பியிருக்க மாட்டார்கள். ஆகவே விடுமுறை நாளில் வாரத்துக்குரியதை ஒன்றாகப் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். வட்ஸ்அப் பதிவுகள் போன் மாறும்போது காணாமல் போகலாம். மாதம் ஒருதரம் மெமரி கார்டிலோ வேறு போனிலோ பிரதி எடுத்து வையுங்கள்.

வாப்பா மௌனமாக வாசிக்கப் பழகியவர், சத்தமாக வரவில்லை என்றால், புத்தகத்தை விட்டுவிட்டு இன்று வேலைத்தலத்தில் பார்த்த ஒன்றைச் சொல்லித் தொடங்கட்டும். இரண்டு கிழமையில் புத்தகத்துக்கு வந்துவிடுவார்.

வாசித்து முடிந்ததும் யாரும் பேசுவதில்லை

"கதாநாயகனின் பெயர் என்ன? இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்கிறீர்களா? நிறுத்துங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகிற பிள்ளைக்கு நாள் முழுக்க அதுதான். நீங்களே ஒரு வசனம் சொல்லுங்கள்: "அந்தத் தாத்தா பொய் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை." மறுத்துப் பேச யாராவது வாய் திறப்பார்கள். திறக்காவிட்டாலும் லைட்டை அணைத்துப் படுக்கலாம்.

ஒரு மாதம் நடந்தது, பிறகு நின்றுவிட்டது

பரீட்சை, நோன்பு, திருவிழா, மாரி மழை, வெள்ளாமை வெட்டு, ஏதோ ஒன்றில் நிற்கும். எல்லா வீட்டிலும் நிற்கும். விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள்; பாதியில் விட்ட கதை எல்லாருக்கும் மறந்திருக்கும். முன்பு எல்லாரும் சிரித்த பழைய புத்தகத்தை எடுத்து ஒரே ஒரு பக்கம் வாசியுங்கள். மூன்றாம் இரவு அவர்களே அடுத்த பக்கம் கேட்பார்கள். போன் போட்டியாக இருந்தால் முதலில் வாசிக்கிறவரின் போன் அடுத்த அறையில் சார்ஜுக்குப் போகட்டும். வாசிக்கிறவர் தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் போனைப் பறித்தால் பலன் இல்லை.

வீட்டில் வாசிக்க ஒன்றும் இல்லை

கடைக்குப் போகமுன் உங்கள் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபை நூலகத்துக்குப் போங்கள். சிறுவர் பகுதிக்குத் தனி அங்கத்துவம் உண்டா, ஒருவருக்கு எத்தனை புத்தகம் என்று கேளுங்கள். இரண்டு பிள்ளைகள் பெயரிலும் எடுத்தால் இரட்டிப்பாகும். நூலகரிடம் வயதைச் சொல்லாமல், பிள்ளைக்குக் கடைசியாகப் பிடித்த கதையைச் சொல்லுங்கள். சரியான புத்தகம் வரும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், அப்போது நூலகங்களிலும் பாடசாலைகளிலும் கண்காட்சிகள் நடக்கும்.

புத்தகம் மழையில் நனைந்தது, பக்கங்கள் ஒட்டிவிட்டன

ஒட்டிய பக்கத்தை இழுக்காதீர்கள். நனைந்த புத்தகத்தை வெயிலில் போட்டால் நெளிந்து முறுகும். பத்துப் பதினைந்து தாளுக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகி, நிமிர்த்தி விரித்து வைத்து, ஃபேன் காற்று படவிடுங்கள். செருகிய தாளைச் சில மணித்தியாலத்துக்கு ஒருதரம் மாற்றுங்கள். பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஏறும். பளபளப்புத் தாளில் அச்சான படப் புத்தகம் காய்ந்தால் கட்டியாக ஒட்டிவிடும், அதற்கு ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் தாள் வைக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அதற்குள் காயவைக்க முடியாத அளவு புத்தகம் நனைந்திருந்தால் பொலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். கரும்புள்ளி விழுந்து மணக்கிற புத்தகத்தை முற்றத்தில் வைத்துத் துடையுங்கள், இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையைப் பக்கத்தில் விடாதீர்கள்.

நூலகப் புத்தகம் என்றால் கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாமல், அப்படியே கொண்டுபோய் நூலகரிடம் சொல்லுங்கள். அவர்களிடம் அதற்குரிய பசையும் தாளும் இருக்கும்.